வலையா, கயிறா: உலர்புல் உருளையும் மாட்டின் பெருவயிறும்

ஆறடி விட்டமுள்ள ஓர் உலர்புல் உருளையை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிப்புறத்திலிருந்து அரையடி ஆழம் வரை உள்ள புல்லை மட்டும் கணக்கிட்டால் மொத்தத்தில் 31 விழுக்காடு வந்துவிடும். உருளை சிறுத்தால் இந்தப் பங்கு இன்னும் கூடும்: ஐந்தடி விட்டத்தில் 36 விழுக்காடு, நான்கடியில் 44. வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால் நடுவில் இருப்பதாக நாம் நினைக்கும் புல்லில் பெரும்பங்கு உண்மையில் ஓரத்தில்தான் இருக்கிறது. மழை தொடுவதும் வெயில் வெளுப்பதும் பூஞ்சை பிடிப்பதும் அந்த ஓரத்தைத்தான்.

வட அமெரிக்காவின் சமவெளிகளில் மாடு வளர்ப்பவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. வடக்கு டகோட்டா, மொன்டானா, எல்லைக்கு அப்பால் கனடாவின் சஸ்காச்சுவான், மானிடோபா ஆகிய பகுதிகளில் இறைச்சி மாட்டு மந்தைகள் கோடையில் திறந்த வெளியில் மேய்கின்றன. நவம்பர் வாக்கில் பனி மூடியதும் மேய்ச்சல் நின்றுபோகும். ஏப்ரல் கடைசி வரைக்கும், சில ஆண்டுகளில் மே வரைக்கும், கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் தீவனம். ஒரு தாய்ப்பசு நாளொன்றுக்கு 12, 13 கிலோ உலர்புல் தின்னும். நூற்றைம்பது நாளுக்கு ஏறத்தாழ இரண்டு டன். முந்நூறு மாடு வைத்திருப்பவர் அறுநூறு டன் சேர்த்து வைக்க வேண்டும். அத்தனையையும் கொட்டகைக்குள் அடுக்க யாராலும் முடியாது. புல் வெளியில்தான் கிடக்கும்.

வெளியில் கிடக்கும் அளவுக்குப் பெரிய உருளை வந்தது 1971இல். அயோவா மாநிலத்தின் பெல்லா என்ற சிற்றூரில் இயந்திரங்கள் செய்துவந்த கேரி வெர்மியர், அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள உருளைகளைச் சுருட்டும் இயந்திரத்தை அந்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பெரும்பாலான பண்ணைகளில் 20, 30 கிலோ எடையுள்ள சிறு செவ்வகக் கட்டுகள்தான். ஒவ்வொன்றையும் கையால் தூக்கி வண்டியேற்றி, கையால் இறக்கி, கொட்டகையில் அடுக்க வேண்டும். குடும்பமே வெயிலில் நின்று செய்த அந்த வேலையை உருளை இயந்திரம் ஒரே ஆளுக்கும் ஒரு டிராக்டருக்குமாகச் சுருக்கிவிட்டது. கூலியாள் கிடைக்காத பகுதிகளில் மாட்டுப் பண்ணைகள் தொடர்ந்து நடப்பதற்கு இந்த இயந்திரமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

உருட்டிய புல்லை எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது.

முதலில் கயிறு. இயந்திரத்துக்குள் உருளை சுழலும்போதே கயிறு ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுருள்சுருளாகச் சுற்றும். பதினைந்து இருபது சுற்றாவது வேண்டும். கயிறு இரண்டு வகை: சீசல் என்னும் கற்றாழை நாரில் திரித்தது ஒன்று, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் செய்தது இன்னொன்று. பிறகு, 1980களில், வலை வந்தது. உருளையின் முழு அகலத்துக்கும் பிளாஸ்டிக் வலையை இரண்டு மூன்று சுற்று இழுத்துப் போர்த்தினால் வேலை முடிந்தது. கயிறு கட்ட ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும் இடத்தில் வலைக்குச் சில நொடிகள் போதும்.

நேரம் மிச்சமாவதோடு இது நிற்கவில்லை. உருளை இயந்திரத்துக்குள் கூடுதலாகச் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் இலை உதிர்கிறது. குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் புரதம் பெரும்பாலும் இலையில் இருக்கிறது. தண்டில் இருப்பது நார். கயிறு கட்டி முடிவதற்குள் தரையில் கொட்டும் பச்சைத் தூள் மாட்டுக்குப் போயிருக்க வேண்டிய புரதம்.

மழையைத் தாங்குவதிலும் வலைக்குத்தான் முதலிடம். ஐந்தடி விட்டம், ஐந்தடி நீளம் உள்ள உருளையின் மீது ஓர் அங்குல மழை பெய்தால் ஐம்பத்தைந்து லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். கயிற்றுக்கட்டில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் புல் பிதுங்கி நிற்கும். அந்தப் பிளவுகளில் தண்ணீர் இறங்கும். வலை புல்லின் மேற்பரப்பை இறுக்கி அழுத்துவதால் தாள்கள் எல்லாம் ஒரே திசையில் படிந்து, நன்றாக வேய்ந்த வைக்கோல்போர் போலத் தண்ணீரைச் சரித்து விட்டுவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கெவின் ஷின்னர்ஸ் குழுவினர் குதிரைமசால் உருளைகளை வெளியில் வைத்து அளந்தார்கள். பிளாஸ்டிக் கயிறு கட்டியவை உலர்பொருளில் 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இழந்திருந்தன. வலை சுற்றியவை 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மணிக்கு உருட்டும் எண்ணிக்கையும் வலையால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. சீசல் கயிறு இந்தப் போட்டியில் கடைசி. மண்ணைத் தொட்ட இடத்தில் அது இற்றுப்போகும், எலி கடிக்கும், ஓராண்டு கழித்துத் தூக்கும்போது உருளை கையோடு பிரிந்து கொட்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் வலைக்கே வாக்களிக்கத் தோன்றும். பண்ணையாளர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் மாறியும் விட்டார்கள். ஆனால் இந்தக் கணக்குகள் அத்தனையும் வயலில் தொடங்கி அடுக்கிவைத்த வரிசையோடு முடிந்துவிடுகின்றன. மாடு தின்னும் இடம் வரைக்கும் கணக்கை நீட்டிப் பார்க்க வேண்டும்.

வெள்ளாடு உதட்டால் துழாவி, பிடித்த தளிரை மட்டும் பொறுக்கும். பசுவின் தீனி முறை வேறு. நீண்ட நாக்கை வளைத்து ஒரு பிடி புல்லைச் சுருட்டி இழுத்து, சில முறை மட்டும் மென்று விழுங்கிவிடும். நிதானமாக மெல்லுவதை அசைபோடும் நேரத்துக்கு ஒத்திவைத்திருக்கும் உடலமைப்பு அது. காட்டில் புலிக்கும் ஓநாய்க்கும் அஞ்சிச் சீக்கிரம் தின்றுவிட்டு மறைவிடம் தேடிய மூதாதைகளுக்கு அந்தப் பழக்கம் உயிர் காத்தது. தீவனத்துக்குள் கம்பியும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும் உலகில் அதே பழக்கம் ஆபத்தாகிவிட்டது. நாக்கில் சிக்கிய வலைத் துண்டைப் பசுவால் பிரித்துத் துப்ப முடியாது.

விழுங்கியது முதலில் சேரும் இடம் பெருவயிறு. வளர்ந்த பசுவுக்கு அது 150 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஏறத்தாழ 39 பாகை வெப்பம், மெல்லிய அமிலத்தன்மை, ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைச் செரிக்கின்றன. பசுவுக்குத் தானாக நாரைச் செரிக்கத் தெரியாது. ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் நார்த்துண்டின் மேல் ஒட்டிக்கொண்டு, செல்லுலோஸ் சங்கிலியில் ஒரு குளுக்கோஸுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள பிணைப்பை நீரைச் செருகி உடைக்கின்றன. உடைந்த சர்க்கரையை அவை நொதிக்க வைத்து வெளியிடும் கொழுப்பமிலங்களே பசுவின் முக்கிய எரிபொருள்.

பெருவயிற்றிலிருந்து முன்னே செல்லும் வழி குறுகலானது. பெருவயிற்றை ஒட்டிய தேன்கூட்டு வயிற்றுக்கும் அடுத்துள்ள ஏட்டு வயிற்றுக்கும் இடையே ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளை திறக்கும்போதும் ஓரிரு மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்கள்தான் பெரும்பாலும் கடந்து போகின்றன. அதைவிடப் பெரியது மறுபடி மேலே வந்து, அசைபோடப்பட்டு, மறுபடி உள்ளே போகும். சிறிதாகும் வரை இதே சுற்று. புல்லைப் பொறுத்தவரை இது அற்புதமான ஏற்பாடு. நுண்ணுயிர் நாரைத் தளர்த்துகிறது, கடைவாய்ப்பல் அதை அரைக்கிறது, இரண்டும் சேர்ந்து துளைக்குப் பொருந்தும் அளவுக்குக் கொண்டுவருகின்றன.

வலை செய்யப்படும் உயர் அடர்த்திப் பாலிஎத்திலீனுக்கு இந்த இரண்டும் பலிக்காது. அதன் சங்கிலி முழுவதும் கார்பனோடு கார்பன். நீரைச் செருகி உடைக்கத் தக்க பிணைப்பு ஒன்றுகூட அதில் இல்லை. பாக்டீரியா ஒட்டிக்கொண்டாலும் வெட்ட இடம் கிடைக்காது. வெளியில் கிடக்கும் பிளாஸ்டிக்கை நைந்துபோகச் செய்பவை சூரியனின் புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும். இருட்டான, காற்றில்லாத பெருவயிற்றில் இரண்டுமே கிடையாது. பல்லும் உதவாது: புல் அரைபடும், மெல்லிய பிளாஸ்டிக் இழை மடங்கிக்கொடுக்கும். அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்பதால் அது அடியில் தங்காமல், மேலே மிதக்கும் புல் படலத்தோடு பின்னிக்கொள்ளும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை சுருங்கி விரியும் வயிறு அந்த இழைகளைத் திரித்து முறுக்கிக்கொண்டே இருக்கும். இறந்த மாட்டை அறுத்துப் பார்க்கும் மருத்துவர்கள் கெட்டியான கயிறாகவும் பந்தாகவும் வலையை வெளியே எடுப்பதற்கு இதுதான் காரணம்.

வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் டாலனும் சக ஆய்வாளர்களும் இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். விலாப்புறத்தில் அறுவை செய்து மூடியுடன் கூடிய குழாய் பொருத்திய மாடுகளின் பெருவயிற்றுக்குள், சிறு பைகளில் வலைத் துண்டுகளையும் கயிற்றுத் துண்டுகளையும் போட்டு, இரண்டு வாரம் வரை விட்டு எடுத்து எடை பார்த்தார்கள். சீசலில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது. வலை போட்டபடியே இருந்தது. ‘மக்கும்’ என்ற பெயரில் விற்கப்படும் பிளாஸ்டிக் கயிறும் கரையவில்லை. அந்தப் பெயர் மண்ணையும் வெயிலையும் மனத்தில் வைத்துச் சூட்டியது. மாட்டின் வயிற்றுக்கு அது பொருந்தாது.

இந்தச் சோதனை முறையில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. தீவனங்களின் செரிமானத்தை அளக்க உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் முறை இது. புல்லையும் பிண்ணாக்கையும் வைத்துப் பெருவயிற்றுக்குள் இறக்கும் பை நைலான் அல்லது பாலியெஸ்டர் துணியில் தைத்தது. பை செரிக்காது என்ற உறுதியின் மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது. அதாவது மாட்டின் வயிறு பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது என்பது தீவன ஆய்வாளர்களின் அன்றாடக் கருவியிலேயே பதிந்திருந்த அறிவு. உருளைக்கு வலை போர்த்தத் தொடங்கியபோது அந்த அறிவு இயந்திரம் செய்தவர்களின் பேச்சுக்குள் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சீசல் கரைவதற்கும் காரணம் இருக்கிறது. அது ஒரு கற்றாழையின் இலை நார். பெரும்பகுதி செல்லுலோஸ், கொஞ்சம் லிக்னின். பாக்டீரியாவின் கண்ணுக்கு அது முரட்டு வைக்கோல். இரண்டு வாரமாகியும் முழுவதும் போய்விடவில்லை என்பதால் சீசலைத் தாராளமாகத் தின்னக் கொடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். தவறி உள்ளே போன சீசலுக்கு வெளியேறும் வழி இருக்கிறது, வலைக்கு இல்லை.

எவ்வளவு வலை உள்ளே போகக்கூடும்? ஐந்தடி உருளைக்கு மூன்று சுற்று என்றால் பதினான்கு மீட்டர் வலை. எடை தோராயமாக 200 கிராம். உருளை 550 கிலோ, ஒரு பசுவுக்குக் குளிர்காலத்துக்கு இரண்டு டன் என்றால் மூன்றரை உருளை. வலையை எடுக்காமலே அரைத்துப் போடும் பண்ணையில் ஒரு பசுவின் பங்குக்கு ஒரு குளிர்காலத்தில் 700 கிராம் பிளாஸ்டிக் தீவனத்தோடு சேர்ந்து வருகிறது. அத்தனையும் விழுங்கப்படும் என்றோ, விழுங்கியது முழுக்கத் தங்கும் என்றோ பொருளில்லை. பொடியாக அரைபட்ட துணுக்குகள் சாணியோடு போய்விடும். ஆனால் ஒரு தாய்ப்பசு எட்டு, பத்து குளிர்காலம் மந்தையில் இருக்கும். தங்கியது தங்கியதோடு சேர்ந்துகொண்டே போகும்.

ஏன் எடுக்காமல் போடுகிறார்கள் என்று கேட்பது எளிது. பூச்சியத்துக்குக் கீழே 25, 30 பாகைக் குளிரில், காற்று முகத்தை அறுக்கும்போது, பொழுது விடிவதற்கு முன் நாற்பது உருளைகளை அவிழ்த்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தின் கடைசி மழையும் உருகிய பனியும் வலைக்குள் இறங்கி உறைந்து, அடிப்பக்கம் பனிக்கட்டித் தகடாகிவிடும். மேல்பாதி வலை கைக்கு வரும்; கீழ்ப்பாதி பிய்ந்து, புல்லோடு ஒட்டி நிற்கும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். அந்த நிலையில், உருளையை முழுதாக அரைவை இயந்திரத்தில் போட்டு வலையோடு சேர்த்து நொறுக்கிவிடுவது பெரும் சலுகையாகத் தெரியும். சீசல் காலத்தில் அப்படிச் செய்து பழகியவர்களின் கை அது. கட்டும் பொருள் மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

மாடு கட்டுப்பொருளால் சாவது புதிதும் அல்ல. 1870களில் அமெரிக்க வயல்களில் கோதுமைக் கதிரை அறுத்துத் தானே கட்டும் இயந்திரங்கள் வந்தபோது அவை கட்டியது இரும்புக் கம்பியால். கம்பித் துண்டுகள் வைக்கோலில் கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போயின. மாவு ஆலைக்காரர்களும் முறையிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜான் ஆப்பிள்பி கயிற்றால் முடிச்சுப் போடும் பொறியமைப்பை உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே கம்பி பின்வாங்கியது. அவருடைய முடிச்சுப் பொறியின் வழிவந்தவை இன்றும் செவ்வகக் கட்டு இயந்திரங்களில் வேலை செய்கின்றன. கம்பியின் இடத்துக்கு வேண்டிய நார் மெக்சிகோவின் யுகாத்தானிலிருந்து வந்தது. அங்கே கற்றாழைத் தோட்டங்களில் மாயா மக்கள் கடனால் கட்டுண்டு உழைத்த வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது. அமெரிக்க மாடு தப்பியதற்கு இன்னொரு நாட்டில் மனிதர் கொடுத்த விலை அதில் இருக்கிறது. 1893இல் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் சீசலைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இன்று பிரேசிலும் தான்சானியாவும் முன்னணி விளைவிப்பாளர்கள்.

கம்பி அதோடு போய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் உலர்புல்லைக் கம்பியால் கட்டினார்கள். வேலிக் கம்பியும் ஆணியும் எப்போதும் உண்டு. விழுங்கிய ஆணி கனமானதால் தேன்கூட்டு வயிற்றின் பள்ளத்தில் விழும். வயிறு சுருங்கும்போது அது சுவரைத் துளைத்து, உதரவிதானத்தைக் கடந்து, இதயத்தின் உறையைக் குத்திவிடக்கூடும். இதற்கு மருத்துவர்கள் கண்ட தீர்வு எளிமையானது: விரல் நீளக் காந்தம் ஒன்றை மாட்டை விழுங்க வைப்பது. அது வாழ்நாள் முழுவதும் தேன்கூட்டு வயிற்றில் கிடந்து இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வலைக்கு அப்படியொரு காந்தம் கிடையாது. எக்ஸ்ரேயில் கம்பி தெரியும், பிளாஸ்டிக் தெரியாது. அறிகுறிகளும் வேறு எத்தனையோ நோய்க்குப் பொருந்துபவை: தீனி குறையும், உடல் இளைக்கும், வயிறு உப்பும், சாணி குறையும். பெருவயிறு எப்போதும் நிறைந்திருப்பதாக உணரும் மாடு தின்ன வேண்டியதைத் தின்னாது. சந்தேகம் வந்தால் விலாவைத் திறந்து வயிற்றைக் கீறிக் கையால் எடுக்கலாம். முந்நூறு மாட்டு மந்தையில் எதைத் திறப்பது? பெரும்பாலும் உண்மை தெரிவது மாடு செத்த பிறகுதான். அதுவும் யாராவது அறுத்துப் பார்த்தால் மட்டும். அறுத்துப் பார்க்காத சாவுகள் பனியின் கணக்கிலோ வயதின் கணக்கிலோ போய்விடுகின்றன. அதனால்தான் வலை மிச்சப்படுத்திய நான்கு விழுக்காடு புல் எல்லோருக்கும் தெரிகிறது; வலை கொன்ற மாடு பலருக்கும் தெரிவதில்லை.

வயிற்றுக்கு வெளியேயும் பிளாஸ்டிக் கயிறு விடுவதில்லை. தொழுவத் தரையில் கிடக்கும் இழை கன்றின் காலைச் சுற்றி, நடக்க நடக்க இறுகும். மொன்டானாவின் ஆற்றங்கரைகளில் கூடு கட்டும் விராலடிப்பான் பருந்துகள் புல்வெளியில் கிடைக்கும் இந்தக் கயிற்றைப் பொறுக்கிக்கொண்டுபோய்க் கூட்டில் மெத்தையாக வைக்கின்றன. குஞ்சுகள் அதில் சிக்கித் தொங்குகின்றன. மொன்டானா பல்கலைக்கழகத்தின் எரிக் கிரீன் போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கூடுகளுக்கு ஏறிக் கயிற்றை அறுத்துக் குஞ்சுகளை மீட்டு வருகிறார்கள்.

செரிக்கும் வலை சாத்தியமா என்றால், வேதியியல் வாசலை முழுவதுமாக அடைக்கவில்லை. 2021இல் ஆஸ்திரியாவில் டோரிஸ் ரிபிட்ஷ் குழுவினர், இறைச்சிக் கூடத்திலிருந்து எடுத்த மாட்டின் பெருவயிற்று நீரில் மூன்று வகைப் பாலியெஸ்டர்களை இட்டுப் பார்த்தபோது, நுண்ணுயிர்கள் அவற்றை ஓரளவு உடைத்திருந்தன. பாலியெஸ்டரில் எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. நீரைச் செருகி வெட்ட இடம் கிடைக்கிறது. தாவர இலையின் மேலுள்ள மெழுகுத் தோலும் எஸ்டர்தான் என்பதால் அதை வெட்டும் நொதிகள் பெருவயிற்றில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனையில் பொடி வேகமாகவும் படலம் மெதுவாகவும் கரைந்தது. வலையிடம் நாம் கேட்பதோ முரண்பட்ட இரண்டு குணங்கள்: இரண்டு கோடை வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும், வயிற்றுக்குள் போன சில வாரத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அப்படியொரு பொருள் கட்டுப்படியாகும் விலையில் வரும் வரை, வலையைக் கையால் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எனவே என் முடிவை இப்படி வைக்கிறேன். ஒவ்வோர் உருளையிலும் வலை முழுவதையும் உரித்தெடுக்க ஆளும் நேரமும் உள்ள பண்ணைக்கு வலை நல்லது. அது மிச்சப்படுத்தும் புல்லும் இலையும் மெய்யானவை. அவிழ்க்காமல் அரைத்துப் போடப்போகிறோம் என்று இப்போதே தெரிந்த பண்ணைக்குச் சீசல்தான் சரி. மெதுவான இயந்திரத்தையும், ஓரத்தில் கூடுதலாகக் கெட்டுப்போகும் புல்லையும் மாட்டின் உயிருக்கான செலவாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் கயிறு கரையாமையில் வலைக்குச் சமம், மழையைத் தாங்குவதில் வலைக்குக் கீழ். அதைத் தேர்ந்தெடுக்க விலை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உரிப்பதை எளிதாக்க முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. உருளை கெடுவதில் பெரும்பங்கு தரையிலிருந்து ஏறும் ஈரத்தால் என்பதால், சரளைக்கல் பரப்பிய மேட்டில் வைத்தால் அடிப்பக்கம் காய்ந்திருக்கும், வலையும் ஒட்டிக்கொண்டு உறையாது. தட்டைமுகத்தோடு தட்டைமுகம் சேர்த்து, வடக்கு தெற்காக வரிசைப்படுத்தி, வரிசைகளுக்கு நடுவே இடம்விட்டால் இருபக்கமும் வெயில் படும், பனி தேங்காது. கொட்டகையில் இடம் கொஞ்சம்தான் என்றால், கடுங்குளிர் மாதங்களுக்கான உருளைகளை அங்கே வைத்து, மற்றவற்றை முன்பனியிலும் பின்பனியிலும் தீர்க்கலாம். உருளையை டிராக்டரின் ஈட்டியில் தூக்கி நிறுத்தியபடி, வலையை ஒரே கோட்டில் குறுக்கே அறுத்தால் முழுப் போர்வையாக வரும். தரையில் வைத்து அங்கங்கே கிழித்தால் துண்டுதுண்டாக வரும். எடுத்த வலையை என்ன செய்வது என்பது இன்னும் தீராத தலைவலி. கனடாவின் பிரெய்ரி மாகாணங்களில் கிளீன்ஃபார்ம்ஸ் அமைப்பு பிளாஸ்டிக் கயிற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. கண்ணிக்குக் கண்ணி கூளமும் மண்ணும் சிக்கிய வலையைச் சுத்தப்படுத்துவது அதைவிடக் கடினம்.

தமிழ்நாட்டில் பெரிய உருளைகளும் உறைபனியும் இல்லாவிட்டாலும் பெருவயிறு அதேதான். 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். அது தெருக்குப்பையிலிருந்து வயிற்றில் சேர்ந்தது. காவிரிப் படுகையில் இப்போது அறுவடை இயந்திரம் போன பின்னால் டிராக்டரில் பூட்டிய இயந்திரம் வைக்கோலைச் சிறு உருளைகளாகச் சுருட்டிக் கட்டிப் போடுகிறது; லாரி லாரியாகப் பால்மாட்டுக்காரர்களுக்கும் கேரளத்துக்கும் போகிறது. சில கட்டில் சணல், சில கட்டில் பிளாஸ்டிக் நூல். சணல் தவறி உள்ளே போனால் நார். மற்றது மொன்டானாப் பசு விழுங்கும் அதே பொருள். இந்த உருளைகளில் நூல் பெரும்பாலும் முடிச்சில்லாமல் சுற்றியிருக்கும். முனையைத் தேடி உருவினால் ஒரே நீள இழையாக வெளியே வந்துவிடும். அவசரத்தில் அரிவாளால் நாலைந்து இடத்தில் வெட்டி உதறினால், சாண் நீளத் துண்டுகள் வைக்கோலோடு காடிக்குள் விழும்.